ஏற்காடு சொல்லும் கணக்கு



வென்றவர் விருந்து வைப்பர். தோற்றவர் கணக்குப் பார்க்க வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை இந்தப் பக்கத்தைப் புரட்டுகிற உங்களுக்கு நான் விருந்து படைக்கப் போவதில்லை. கணக்கைத்தான் விரிக்கப் போகிறேன் — அதுவும் மாற்றார் வீட்டுக் கணக்கை!

ஏற்காடு தொகுதியில் நம் அணியை எதிர்த்து நின்று மூன்று முறை வென்றவர் சி. பெருமாள். சட்டமன்ற உறுப்பினராக இருக்கும்போதே, 2013 ஜூலையில், கண் மூடியவர். அவருடைய தேர்தல் வாழ்வைப் பற்றியும், அவர் மறைந்த பின்னும் அந்த மலையடிவாரத்தில் நம்மைத் தொடர்ந்து வந்த தோல்விகளைப் பற்றியும் பேசப் போகிறேன். "நம் ஏட்டில், நம் பக்கத்தில், அ.தி.மு.க.காரரைப் பற்றியா?" என்று புருவம் நெரிப்போர் உங்களில் சிலர் இருக்கலாம். நெரியுங்கள், ஆனால் படியுங்கள். மாற்றான் தோட்டத்து மல்லிகையையும் முகர்ந்து பார்க்கக் கற்றுக் கொடுத்தவர் அண்ணா. நம் தோட்டம் ஏன் வாடிற்று என்று பார்க்காமல் இருக்க அவர் கற்றுக் கொடுக்கவில்லை.

சேலத்துத் தோழர்கள் கூட்டிய பயிற்சிப் பாசறையில் பேசியதைத்தான் இங்கே எழுத்தாக்கித் தருகிறேன். கைதட்டலுக்காக அங்கே சேர்த்துக்கொண்ட சில வரிகளை இங்கே நீக்கிவிட்டேன். காகிதம் கை தட்டுவதில்லை அல்லவா!

முதலில் மலையடிவாரத்தில் நின்றுகொண்டு மேலே பாருங்கள். சேலம் நகரம்! 1944ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 27ஆம் நாள், நீதிக் கட்சி என்ற பழைய சட்டையைக் கழற்றிவிட்டுத் திராவிடர் கழகம் என்ற புதிய பெயரைப் பூண்டது நம் இயக்கம் — இந்தச் சேலத்தில்தான். சர்களும் ராவ்பகதூர்களும் தத்தம் பட்டங்களைத் துறக்க வேண்டும் என்று அண்ணா கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியதும் அந்த மாநாட்டில்தான். அங்கிருந்து வடக்கே பார்த்தால் சேர்வராயன் மலை தெரியும். மேகம் இறங்கிய நாளில் பாதி மலைதான் தெரியும்; இருந்தாலும் மலை அங்கேதான் இருக்கும்.

இன்னும் சற்று நடந்து வாருங்கள், ஏற்காடு சாலைக்கு. மாடர்ன் தியேட்டர்ஸ் இருந்த இடம் அது. 1950இல் வெளிவந்த ‘மந்திரி குமாரி’க்குக் கலைஞர் உரையாடல் தீட்டியது அந்த நிறுவனத்துக்காகத்தான். அந்தப் படத்தின் நாயகன் யார்? எம்.ஜி.ஆர்.! எழுதியவரின் பேனாவும் ஏந்தியவரின் வாளும் ஒரே வாயிலில் நுழைந்து ஒரே வாயிலில் வெளியே வந்த காலம் அது. பின்னாளில் தமிழ்நாட்டையே இரண்டாகப் பிரித்துக்கொண்ட இருவரும், ஏற்காட்டுக்கு ஏறுகிற சாலையின் ஓரத்தில் ஒன்றாக இருந்தவர்கள். நாடகம் எழுதிப் பிழைக்கிற எனக்கு அந்த வாயில் வளைவைக் கடக்கும்போதெல்லாம் ஒரு வணக்கம் சொல்லத் தோன்றும். ஆனால் இன்றைக்கு என் கேள்வி வேறு. இயக்கத்துக்குப் பெயர் வைத்த ஊர் மலையின் காலடியில். இயக்கத்தின் எழுத்துக்குக் களம் கொடுத்த கூடம் மலைக்குப் போகும் வழியில். மலைக்கு நாம் எப்போது ஏறினோம்?

இருபது கொண்டை ஊசி வளைவுகள்; ஏறத்தாழ 5,000 அடி உயரம். சுற்றுலாக்காரனுக்கு அது ஏரியும் படகும் குளிரும். வெள்ளைக்காரனுக்கு அது காப்பித் தோட்டம். 1820களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் காப்பியையும் ஆரஞ்சையும் பேரிக்காயையும் அங்கே கொண்டுவந்தார் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். துரைமார் வந்தார்கள், தோட்டம் போட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள், தேவாலயம் எழுப்பினார்கள், திரும்பிப் போனார்கள். ஒரு காலத்தில் அந்த மலையின் மேனியைச் சுரண்டிப் பாக்சைட்டை அள்ளி மேட்டூர் அலுமினிய ஆலைக்கு அனுப்பினார்கள். வந்தவர் போனவர் கதையெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. வராமலும் போகாமலும், அங்கேயே இருந்தவர் கதை?

அவர்கள் பெயர் மலையாளி. கேரளத்து மலையாளி என்று எண்ணிவிடாதீர்கள். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். தமிழ் பேசும் பழங்குடி மக்கள். அண்ணன் தம்பி மூவர் காஞ்சிபுரத்தை விட்டு வந்தனர், ஒருவர் வழி சேர்வராயன் மலையிலும் ஒருவர் வழி கொல்லிமலையிலும் ஒருவர் வழி பச்சைமலையிலும் பெருகிற்று என்பது அவர்கள் தங்களைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் கதை. வரலாறா, வழக்கா என்ற ஆராய்ச்சியைப் புலவர்களுக்கு விட்டுவிடுகிறேன். அரசியல்காரனுக்கு அந்தக் கதையில் வேறொரு செய்தி இருக்கிறது.

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பழங்குடியினருக்கென்று ஒதுக்கப்பட்ட தொகுதிகள் முன்பு மூன்று இருந்தன: ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியாபுரம். ஏற்காடு சேர்வராயன் மலைக்கு. சேந்தமங்கலம் கொல்லிமலைக்கு. உப்பிலியாபுரம் பச்சைமலைக்கு. அண்ணன் தம்பி மூவருக்கு மூன்று இருக்கைகள்! கதையை எழுதியவனே தொகுதியையும் பிரித்தானோ என்று வியக்கத்தக்க பொருத்தம். 2008ஆம் ஆண்டுத் தொகுதிச் சீரமைப்பு வந்தது. உப்பிலியாபுரம் என்ற தொகுதியே மறைந்தது. மூன்று, இரண்டாயிற்று. 234 பேர் அமரும் அவையில் இரண்டு! 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் பழங்குடி மக்கள் ஏறத்தாழ 7,95,000 பேர். நூற்றுக்கு ஒருவர்தான் என்று பிரித்துப் பார்த்து, இரண்டே போதும் என்று முடித்தது எண்கணிதம். நாடாளுமன்றத்திலோ, தமிழ்நாட்டின் 39 இடங்களில் பழங்குடியினருக்கென ஒன்றுகூட இல்லை. ஒரு சகோதரன் இருக்கையை இழந்தான். அவனுக்காக எந்த ஊரில் எந்தக் கட்சி கூட்டம் போட்டது என்று நினைவுபடுத்திப் பாருங்கள். எனக்கு நினைவு வரவில்லை.

எஞ்சிய இரண்டில் ஒன்றான ஏற்காட்டுக்கு வருவோம். பெயர் ஏற்காடு, தொகுதி ஏற்காடா? ஏற்காடு வட்டம், வாழப்பாடி வட்டம், சேலம் வட்டத்தின் ஒரு பகுதி — இவை சேர்ந்ததுதான் அந்தத் தொகுதி. நாகலூர், மஞ்சக்குட்டை, வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம் என்று மலைமேல் சிதறிக் கிடக்கும் சிற்றூர்களின் வாக்குகளையெல்லாம் கூட்டினாலும், வாழப்பாடியும் அயோத்தியாப்பட்டணமும் அவற்றைச் சுற்றிய சமவெளிச் சிற்றூர்களும் தரும் வாக்குகளோடு அவற்றை ஒப்பிட முடியாது. பாக்குத் தோப்பும் மரவள்ளிக் காடும் நிறைந்த சமவெளிதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது. மலை பெயரைக் கொடுக்கிறது. மலைமகன் வேட்பாளராக நிற்கிறான். மைதானம் முடிவைச் சொல்கிறது. மக்களவைத் தேர்தல் என்றால் இன்னும் வேடிக்கை. சேலத்துக்கு மேலே நிற்கும் ஏற்காட்டான், கள்ளக்குறிச்சித் தொகுதிக்கு வாக்களிக்க வேண்டும்!

இந்தக் களத்தில்தான் பெருமாள் நின்றார்.

ஆண்டு 1989. நமக்கு இனிக்கும் ஆண்டு. 13 ஆண்டுகள் வனவாசம் முடிந்து, 150 இடங்களை வென்று, கலைஞர் மீண்டும் முதலமைச்சரான ஆண்டு. எம்.ஜி.ஆர். மறைந்த பின் அ.தி.மு.க. இரண்டாகப் பிளந்து கிடந்தது. ஜானகி அம்மையார் அணிக்கு இரட்டைப் புறா. ஜெயலலிதா அம்மையார் அணிக்குச் சேவல். இரட்டை இலை எவருக்கும் இல்லை. எதிரி வீட்டில் உலை ஒன்று, அகப்பை இரண்டு. நாம் சிரித்தோம், வென்றோம். ஆனால் அந்த ஆண்டு சேவல் சின்னத்தில் வென்ற 27 பேரில் ஒருவர் ஏற்காட்டுப் பெருமாள். அதே சேலம் மாவட்டத்தில், அதே சேவல் சின்னத்தில், எடப்பாடியில் முதல் முறையாக வென்றவர் பழனிசாமி — 2017இல் முதலமைச்சரானாரே, அவர்தான்.

இதைச் சற்று நிறுத்திப் பாருங்கள், தோழர்களே. மாநிலம் முழுதும் பிளவு நமக்கு வெற்றியாயிற்று. ஏற்காட்டில், பிளந்த கட்சியின் ஒரு துண்டே நம்மை வென்றுவிட்டது! முழுமரம் விழுந்து நம்மை அழுத்தவில்லை. கிளை ஒன்று விழுந்தது, அதற்கே நாம் சாய்ந்தோம். அன்றைக்கு நாம் கோட்டையில் கொடியேற்றிய மகிழ்ச்சியில் இருந்தோம். ஏற்காட்டில் என்ன நடந்தது என்று எவர் கேட்டார்? வெற்றி என்ற மது, தோல்வி என்ற மருந்தைக் குடிக்கவிடுவதில்லை.

அந்தச் சட்டமன்றம் நெடுநாள் வாழவில்லை. 1991 சனவரித் திங்களில் நம் ஆட்சி கலைக்கப்பட்டது. எதிர்க்கட்சி உறுப்பினர் பெருமாளின் பதவியும் நம்மோடு சேர்ந்தே போயிற்று. அவ்வாண்டு மே 21இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தி கொல்லப்பட்டார். அடுத்து வந்த தேர்தலில் நமக்குக் கிடைத்தவை இரண்டே இடங்கள். அந்தப் பேரலையில் ஏற்காட்டில் மீண்டும் பெருமாள். அந்த வெற்றியைப் பற்றி நான் அதிகம் பேச விரும்பவில்லை. அலையில் மிதந்தவனின் நீச்சலை அளக்க முடியாது.

1996இல் அலை திரும்பிற்று. ஏற்காட்டில் உதயசூரியன் ஒளிர்ந்தது. 2001இல் மாற்றார் அணி. 2006இல் கழகத்தின் சி. தமிழ்ச்செல்வன் வென்றார். 2011இல், 20 ஆண்டுகள் கழித்து, மீண்டும் பெருமாள் வந்தார்! 1991இல் வென்ற ஒருவரை 2011இல் அதே மக்கள் மீண்டும் தேர்ந்தெடுக்கிறார்கள். இடையில் வாக்களிக்கும் வயதை எட்டிய ஒரு தலைமுறை முழுதும், அவரைச் சட்டமன்ற உறுப்பினராகப் பார்த்த நினைவு இல்லாத தலைமுறை. 2011இல் அவர் பெற்றவை 1,04,221 வாக்குகள். தமிழ்ச்செல்வன் பெற்றவை 66,639. வேறுபாடு 37,582.

நாடகத்தில் ஒரு பாத்திரம் முதற்காட்சியில் வந்துவிட்டு, இடையில் பல காட்சிகளில் காணாமல் போய், கடைசியில் மீண்டும் வந்தால், பார்ப்பவர்கள் அவனை மறந்திருப்பார்கள், "யாரப்பா இவன்?" என்று பக்கத்து இருக்கைக்காரனைக் கேட்பார்கள். அரசியலில் அப்படி மறக்கப்படாமல் ஒருவர் திரும்பி வருகிறார் என்றால், காணாமல் போனவர் அவரல்லர். மேடையைத்தான் நாம் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தோம் என்று பொருள். 1989இல் எந்த அம்மையாரின் அணியில் நின்று வென்றாரோ, 2011இலும் அதே அம்மையாரின் கட்சியில் நின்று வென்றார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மூன்று முறை வென்றவர் என்று சொல்கிறோமே, மூன்று முறையும் முழுக்காலம் அமர்ந்தாரா? இல்லை. முதல் முறை, இரண்டே ஆண்டுகளில் அவை கலைந்தது. இரண்டாம் முறைதான் ஐந்தாண்டும் முழுமை. மூன்றாம் முறை, இரண்டாண்டு கடந்ததும் அவரே இல்லை. கூட்டினால் ஒன்பது ஆண்டுகள். மூன்று வெற்றிக்கு ஒன்பது ஆண்டுப் பதவி! 1989இலிருந்து 2013 வரை 24 ஆண்டுகள் நீண்ட ஓர் அரசியல் வாழ்வில், பதவியில் இருந்த காலத்தைவிடப் பதவியில்லாமல் இருந்த காலமே மிகுதி. பதவி போனதும் வேட்டியின் கரையை மாற்றிக் கட்டுகிற சிலரை நாம் எல்லாக் கட்சியிலும் பார்க்கிறோம். நம் கட்சி என்ன விதிவிலக்கா? பெயர் சொல்லமாட்டேன், உங்களுக்குத் தெரியும்.

2013 டிசம்பர் 4. ஏற்காடு இடைத்தேர்தல். பெருமாளின் துணைவியார் பெ. சரோஜா ஆளுங்கட்சியின் வேட்பாளர். கழகத்தின் வேட்பாளர் வெ. மாறன். தே.மு.தி.க.வும் பா.ம.க.வும் காங்கிரசும் வேட்பாளரை நிறுத்தவில்லை. பெருங்கட்சிகளில் எஞ்சியவை இரண்டு. களம் நேருக்கு நேர். அமைச்சர் பெருமக்கள் கோட்டையைப் பூட்டிவிட்டு வாழப்பாடியில் வந்து தங்கினார்களோ என்று எண்ணும்படி வந்து குவிந்தார்கள். முதலமைச்சர் ஜெயலலிதாவே நவம்பர் 28ஆம் நாள் வந்து பேசினார்; அந்தப் பேச்சில் தந்த வாக்குறுதிகளுக்காகத் தேர்தல் ஆணையம் அவரிடம் விளக்கம் கேட்டது.

நானும் போனேன். கல்லூரிப் படிப்பை இடையில் விட்டுவிட்டு, மேடையே கல்லூரி, நாடகமே பாடம் என்று திரிந்த வயது. தெருமுனை நாடகக் குழு ஒன்றோடு போனோம். வாழப்பாடியில் நாடகம், பேளூரில் நாடகம், அயோத்தியாப்பட்டணத்தில் நாடகம். கூட்டமென்றால் கூட்டம்! விசில் என்ன, கைதட்டல் என்ன! வெற்றி நம் மடியில் விழுந்துவிட்டது என்று நான் முடிவே கட்டிவிட்டேன். நாடகக்காரனுக்கு இருக்கும் நோய் இது: கை தட்டியவன் எல்லாம் வாக்களிப்பான் என்று நம்புவான்.

டிசம்பர் 8ஆம் நாள் பெட்டியைத் திறந்தார்கள் — பெட்டியா? பொத்தானை அழுத்திக் கணக்கெடுத்தார்கள். சரோஜா 1,42,771. மாறன் 64,655. வேறுபாடு 78,116.

"அனுதாப அலை" என்றார்கள் நம்மவர்கள். அப்படியா? கணவனை இழந்தவள் என்பதற்காக மக்கள் வாக்களிப்பது உறுதி என்றால், 1989இல் ஆண்டிப்பட்டியில் ஜானகி அம்மையார் ஏன் தோற்றார்? எம்.ஜி.ஆருக்காகத் தமிழ்நாடு அழுத அழுகையைவிடப் பெரிய அழுகையா ஏற்காட்டில் எழுந்தது? ஜானகி அம்மையார் தோற்ற அதே தேர்தலில், அவருடைய அணிக்கு எதிரணியில் நின்று முதல் வெற்றி பெற்றவர்தான் பெருமாள். 24 ஆண்டுகள் கழித்து அவருடைய துணைவியார் வெல்கிறார். ஆகவே விதவைக் கோலம் மட்டும் வெற்றி தராது; பின்னால் கட்சி நிற்க வேண்டும், கட்சிக்குக் கிளை நிற்க வேண்டும், கிளைக்கு ஆள் நிற்க வேண்டும். இலங்கையில் 1959இல் பண்டாரநாயக்கா சுட்டுக் கொல்லப்பட்டபின், 1960இல் சிறிமாவோ வென்றதும் வெறும் கண்ணீரால் அன்று. சிற்றூர்தோறும் வேர்விட்டிருந்த ஒரு கட்சி அவர் கைக்கு வந்தது.

"ஆளுங்கட்சி பலம்" என்றார்கள். அது உண்மைதான், மறுப்பாரில்லை. ஆனால் 2009 சனவரியில் திருமங்கலம் இடைத்தேர்தலில் நாம் 39,000க்கும் மேற்பட்ட வாக்கு வேறுபாட்டில் வென்றோமே, அப்போது ஆளுங்கட்சி எது? நமக்குக் கிடைத்தால் மக்கள் தீர்ப்பு, அவர்களுக்குக் கிடைத்தால் ஆளுங்கட்சி பலமா? மேடையில் அப்படிப் பேசலாம், பேசியிருக்கிறேன். பாசறையில் அப்படிப் பேசக்கூடாது.

இப்போது கணக்குக்கு வாருங்கள். 2011இல் நமக்கு 66,639. காங்கிரசும் பா.ம.க.வும் நம் அணியில் இருந்த நேரம் அது. 2013இல் அந்த இரு துணையும் இல்லை, நமக்கு 64,655. இழந்தது எவ்வளவு? 1,984 வாக்குகள் மட்டுமே! "பார்த்தீர்களா, நம் வாக்கு நம்மிடமே இருக்கிறது" என்று அன்று ஒரு நண்பர் மார் தட்டினார். எனக்கும் அது ஆறுதலாகத்தான் இருந்தது. பிறகு மறுபக்கத்தைப் பார்த்தேன். 1,04,221 என்பது 1,42,771 ஆகியிருக்கிறது. 38,550 கூடியிருக்கிறது. நூற்றுக்கு ஏறத்தாழ 90 பேர் வாக்களித்த தேர்தல் அது. புதிதாக வந்தவர்கள், மற்றக் கட்சிகள் விலகிக்கொண்டதால் தனித்து விடப்பட்டவர்கள் — இத்தனை பேர் தெருவில் நின்றார்கள். எந்த வீட்டுக்குப் போவது என்று பார்த்தார்கள். நம் வீட்டுக் கதவைத் தட்டவில்லை. நம் பழைய வாக்காளர் நம்மை விட்டுப் போகவில்லை. புதிய வாக்காளர் நம்மிடம் வரவில்லை. முன்னதைப் பார்த்து மகிழ்ந்தோம், பின்னதைப் பார்க்க மறந்தோம். நடுவூரில் வேர் இருக்கிறது. ஓரத்தில் தளிர் இல்லை.

மூன்றாவது இடம் யாருக்கு? எந்தச் சுயேச்சைக்கும் இல்லை. "மேற்கண்ட எவருக்கும் இல்லை" என்ற பொத்தானுக்கு! அவ்வாண்டு செப்டம்பர் 27ஆம் நாள்தான் உச்ச நீதிமன்றம் அந்த உரிமையைத் தந்திருந்தது. தமிழ்நாட்டில் அது முதன்முதலாகப் பயன்பட்டது ஏற்காட்டில். 4,431 பேர் அதை அழுத்தினார்கள். எந்த ஊரில் எத்தனை என்று பிரித்துச் சொல்ல நான் முயலவில்லை. ஒன்றை மட்டும் எண்ணிப் பாருங்கள். காப்பிப் பழம் பறிக்கும் பருவம்; டிசம்பர்க் குளிர்; பனி மூட்டம். அந்த நேரத்தில் வரிசையில் நின்று, விரலில் மை வைத்துக்கொண்டு, "நீயும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போவதற்கென்றே 4,431 பேர் வந்தார்கள். வீட்டிலேயே இருந்திருக்கலாமே! வந்து சொன்னார்கள். அமைச்சர்கள் கூட்டத்துக்கும் அது விடை. என் நாடகத்துக்கும் அது விடை.

2016இல் அ.தி.மு.க.வின் கு. சித்ரா 1,00,562, நம் தமிழ்ச்செல்வன் 83,168. 2021இல் சித்ரா 1,21,561, தமிழ்ச்செல்வன் 95,606. நம் வாக்கு ஏறிக்கொண்டே போவதைப் பாருங்கள்: 64 ஆயிரம், 83 ஆயிரம், 95 ஆயிரம். இது உழைப்பின் பலன். அந்தத் தொகுதித் தோழர்களைப் பாராட்டாமல் இருக்க முடியாது. ஆனால் 2021 எந்த ஆண்டு? கழகம் தனித்தே 133 இடங்களை வென்று ஆட்சி அமைத்த ஆண்டு. அந்த ஆண்டிலும் ஏற்காட்டில் 25,955 வாக்குகளில் தோற்றோம். சேலம் மாவட்டத்தின் 11 தொகுதிகளில் நமக்குக் கிடைத்தது சேலம் வடக்கு ஒன்றே ஒன்று. 2016இலும் அதே ஒன்றுதான். 1989இலிருந்து 2021 வரை ஏற்காடு கண்ட தேர்தல்கள், இடைத்தேர்தலையும் சேர்த்து, ஒன்பது. நாம் வென்றவை இரண்டு. மாநிலத்தில் நாம் வென்ற 1989இலும் 2021இலும்கூட அங்கே தோற்றிருக்கிறோம். காற்று நம் பக்கம் அடிக்கும்போதும் அந்த மலையில் நம் கொடி பறக்கவில்லை என்றால், குறை காற்றிலா, கம்பத்திலா?

மலை மக்களுக்குச் சொல்ல நம்மிடம் செய்தி இல்லையா? இருக்கிறது. 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தபோது மத்திய ஆட்சியில் நாம் பங்கு பெற்றிருந்தோம். காட்டில் தலைமுறையாக உழுதவனுக்கு அந்த மண்ணில் உரிமை உண்டு என்று சொன்ன சட்டம். தமிழ்நாட்டில் அது நீதிமன்ற வழக்கில் சிக்கி, பட்டா வழங்கும் வேலை 2016 வரை நகராமல் கிடந்தது. பத்தாண்டு! சட்டம் தில்லியில் பிறந்தது. சேர்வராயன் மலைச் சிற்றூரில் அதன் பெயரைச் சொல்லி, எந்தப் படிவம், எங்கே மனு, கிராம சபையில் என்ன தீர்மானம் என்று உட்கார்ந்து எழுதிக் கொடுத்தவர் எத்தனை பேர்? நாம் அந்தச் சட்டத்துக்காகத் தில்லியில் கை தூக்கினோம். மலையில் பேனா தூக்கவில்லை. துண்டறிக்கையில் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி போட்டோம்.

மலையில் வாக்குக் குறைவு, ஆகவே உழைப்பும் அங்கே குறைவாக இருக்கலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள் நம்மில் இருக்கிறார்கள். வாக்குச்சாவடிக் கணக்கில் அவர்கள் சொல்வது சரி. மலையில் ஒரு நாள் சுற்றும் நேரத்தில் சமவெளியில் பத்து ஊர் பார்த்துவிடலாம். ஆனால் அந்த இருக்கை யாருக்காக ஒதுக்கப்பட்டதோ அவர்களையே கணக்கில் கழித்துவிட்டு, அந்த இருக்கையை எந்த வாயால் கேட்பது? தில்லியில் உட்கார்ந்து நூற்றுக்கு ஒன்று என்று வகுத்தவனுக்கும், வாழப்பாடியில் உட்கார்ந்து மலை வாக்கு சொற்பம் என்று ஒதுக்குகிற நமக்கும் என்ன வேறுபாடு? பட்டம் துறக்கச் சொல்லிச் சேலத்தில் பிறந்த கட்சி இது; எண்ணிக்கை குறைந்தவனுக்கு இடம் வேண்டும் என்று வகுப்புரிமை கேட்டு வளர்ந்த கட்சி இது.

இடைத்தேர்தல் நாடகத்துக்கு மீண்டும் வருகிறேன். பத்து நாள் சமவெளியில் ஆடினோம் என்றேன் அல்லவா? மலைக்கு ஒரே ஒரு நாள்தான் போனோம். நாகலூர்ப் பக்கம் ஒரு சிற்றூர். மாலை மயங்கும் நேரம். காப்பிக் கூடையை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர்கள் முப்பது நாற்பது பேர் இருக்கும். ஆடினோம். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரித்தார்கள். விசில் இல்லை. முடிந்ததும் ஊர்க்கவுண்டர் ஒருவர், வயது எழுபதுக்கு மேல் இருக்கும், கம்பளியைப் போர்த்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

"நாடகம் நல்லாத்தான் இருந்துச்சு, தம்பி. பேத்திக்கு சாதிச் சான்று வாங்கணும். மூணு தடவை கீழே போய்ட்டு வந்துட்டேன். எழுதிக் குடுக்க ஆளு வேணும். எங்க ஊர்ல உங்க கட்சி ஆளு யாரு? பேரு சொல்லு, நான் நாளைக்கே போய்ப் பார்த்துக்கறேன்."

கையிலிருந்த துண்டறிக்கையைப் புரட்டினேன். வேட்பாளர் பெயர் இருந்தது. சின்னம் இருந்தது. தலைவர்கள் படம் இருந்தது. அச்சகத்தின் பெயர்கூடக் கீழே சிறிய எழுத்தில் இருந்தது. அவர் காத்துக்கொண்டு நின்றார். குழுவிலிருந்த மற்றவர்களைத் திரும்பிப் பார்த்தேன். அவர்கள் தபேலாவையும் ஒலிபெருக்கியையும் வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "விசாரித்துச் சொல்லி அனுப்புகிறேன், ஐயா" என்றேன். "சரி தம்பி" என்றார். இருட்டுவதற்குள் வளைவுகளைத் தாண்டிவிட வேண்டும் என்று ஓட்டுநர் ஒலி எழுப்பினார். இறங்கி வந்துவிட்டேன்.